கண்மாய்க் கரையில் ஜெர்மன் பாடம்

இயற்கையில் ஓய்வெடுப்பதைச் சொல்ல ஜெர்மன்காரர்கள் எத்தனை வாக்கியம் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'இஷ் கேஹெ ஷ்பட்சீரன்' என்றால் காலாற நடக்கிறேன். 'இஷ் கெனீஸெ டீ ஷ்டிலெ' என்றால் அமைதியை அனுபவிக்கிறேன். எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் பேச்சுத் தேர்வில் கோட்டை விட்டேன். லீவு நாளில் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஓய்வெடுப்பேன் என்று ஒப்பித்தேன். "அங்கே போய் என்ன பார்ப்பீர்கள்?" என்று தேர்வு நடத்திய அம்மாள் கூடுதலாக ஒன்று கேட்டார். நான் முழித்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஜெர்மனியில் வேலை தயார். மறு தேர்விலும் தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

ஆன்லைனில் பாடம் நடத்தும் வினோத் சார், "காளீஸ்வரி, நீங்க ஒருநாளாவது அப்படி உக்காந்திருக்கீங்களா? உக்காந்து பாத்துட்டு வந்து பேசுங்க" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. டூட்டி முடிந்து மம்சாபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? கோபம் ஆறியதும் ஒரு குறுகுறுப்பு. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

லீவு நாள் காலையில் போனை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு கண்மாய்ப் பக்கம் நடந்தேன். எதிரே மாட்டைப் பிடித்துக்கொண்டு கருத்தையா அண்ணன்.

"எங்கத்தா போற?"

"எங்கயும் இல்லண்ணே. தண்ணியப் பாக்கப் போறேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் கண்டுகொள்ளவில்லை.

மடைக்கல்லில் உட்கார்ந்தேன். முதலில் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அப்புறம் ஒரு முக்குளிப்பான் பறவை கண்ணில் பட்டது. குபுக்கென்று மூழ்கியது. எங்கே எழும்? அந்த ஆம்பல் பக்கம் என்று நினைத்தேன். இல்லை, நடுவில் எழுந்தது. மறுபடி மூழ்கியது, மறுபடி தப்பாகச் சொன்னேன். அடடா, இதுவா விஷயம் என்று முன்னால் குனிந்து பார்த்தேன்.

"ஏட்டி! பாவி மகளே!"

அம்மா கரையில் ஓடி வந்தாள், காலில் செருப்பில்லை. பின்னால் கருத்தையா அண்ணன், கையில் மாட்டுக்கயிறு. வந்த வேகத்தில் அம்மா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பரீட்சை போனா போகுது சனியன்! அதுக்காக இப்படியா பண்ணுவ?"

"அம்மா, நான் சாக வரல. ஓய்வெடுக்கேன். இது வீட்டுப்பாடம்."

"தண்ணிக்கரையில தனியா உக்காருறதா? எந்தக் கிறுக்கன்டி இப்படிப் பாடம் வச்சான்?"

கருத்தையா அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "நல்லா எடுத்தீக ஓய்வு" என்று முனகியபடி போனார். அம்மா என் கையை விடவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"சரி, செத்த நேரம் உக்காருதேன்" என்றாள் அம்மா. "என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. அந்தப் பறவை எங்க எந்திரிக்கும்னு சொல்லு."

"மடைக்கிட்ட" என்றாள். மடைக்கிட்டேயே எழுந்தது. அம்மா சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். வெயில் உறைக்கும் வரை இருவரும் எழவில்லை.

மறு தேர்வில் அதே அம்மாள், அதே கேள்வி. பறவையைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன், அம்மா ஓடி வந்ததைச் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "பிறகு? பறவை எங்கே எழுந்தது?"

பாஸ்.

சேதி கேட்டு அம்மா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். நான் பெட்டி அடுக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கயும் கண்மாய் இருக்குமா?"

"ஏரி நெறைய இருக்காம்மா."

"இருக்கட்டும். நீ தனியா போய் உக்காராத. எங்க போறன்னு கேக்க அங்க ஆளு கெடையாது."