ஜனவரிக்குப் போன வாடகைப் பணம்

ஹார்த்வெய்ட் நகர மன்றம் முன்தேதியிட்டுத் தரும் உதவித்தொகை, எந்த மாதத்துக்கு உரியதோ அந்த மாதத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். மில் தெரு நோரீன் வாடகை கட்ட முடியாமல் மோதிரத்தை விற்றிருந்தாள். மன்றம் பழைய மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்த அன்று மோதிரம் அவள் விரலிலேயே கிடந்தது. விற்கவே இல்லை என்று ஆகிவிட்டது. ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மழை எப்போது விடும் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

எனிட் பிரியர்லியின் கணவர் வில்ஃப் வீம்பு பிடித்த மனிதர். ஓய்வூதியம் முழுக்க வாடகைக்கே போனாலும், பிச்சை வாங்கமாட்டேன் என்று வீட்டுக்குள் மேல்கோட்டோடு உட்கார்ந்து பட்டாணி சூப் குடிப்பார். எனிட் அவருக்குத் தெரியாமல் வாடகை உதவி கேட்டு இலையுதிர் காலம் முழுக்க மன்றத்துக்கு நடந்தாள். நடந்து என்ன பயன்? வரிசையில் பின்னால் கைக்குழந்தைக்காரி நின்றால் அவளுக்கு இடம் விடுவாள். அவள் ஊன்றுகோல்காரருக்கு விடுவாள். அவர் எனிட்டையே போகச் சொல்வார். இந்த உபசாரம் முடிவதற்குள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். செத்தாலும் சாவார்களே தவிர, வரிசையில் முந்தமாட்டார்கள், அப்படி ஒரு ஊர். ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்குப் பணம் கட்ட வழியில்லை. குளிரில் வில்ஃபுக்கு நெஞ்சில் சளி கட்டியது, மாதம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

ஏப்ரலில் எனிட் மறுபடி வரிசையில் நின்றாள். இம்முறை யாருக்கும் வழி விடவில்லை. பின்னால் நின்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஜனவரியிலிருந்து வாடகை உதவி வேண்டும் என்றாள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால்தான் தரமுடியும் என்றாள் அதிகாரி பெரில் ஸ்டாட்.

"எல்லாருக்கும் வழி விட்டுக்கிட்டே இருந்துட்டேன்மா. வேற காரணம் இல்ல. அவரு இல்லாம என்னால இருக்க முடியல."

பெரில் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கூப்பிட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

அதையே காரணமாக எழுதி முத்திரை குத்தினாள்.

எனிட் வீடு திரும்பியபோது உள்ளே கதகதப்பாக இருந்தது. வில்ஃப் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று அவள் விம்மி விம்மி அழுதாள். அவர் நிமிரக்கூட இல்லை. ஜனவரியிலிருந்து வாடகையை மன்றம் கட்டிவருவது அன்று வந்த கடிதத்தில்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

"யாரைக் கேட்டு வாங்கின? நாளைக்கே திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

"குடுத்தா நீ செத்துப்போவ, வில்ஃப். ஜனவரியில செத்துத்தான் போன. நான்தான் அடக்கம் பண்ணேன்."

வில்ஃப் செய்தித்தாளை மடித்தார். யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். சொன்னாள். தம்பி வந்தானா என்று கேட்டார். வரவில்லை என்றாள். வரமாட்டான், தெரியும் என்றார்.

"பாதியையாவது திருப்பிடலாமா?"

"பாதி குடுத்தா பிப்ரவரி வரைக்கும்தான் இருப்ப."

அவர் யோசித்தார். எழுந்து போய் ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்து, தேநீர் உண்டா இல்லையா என்று கேட்டார்.