கல் நடக் கூடாத மணல்

"கைநாட்டு வெச்சியானா, உன் கையால பொதைச்ச பொண்ண நீயே இல்லேன்னு சொன்னதா ஆவும்!"

காசியம்மாள் மைப்பெட்டியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷன் சின்னப்பன் பெருவிரலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான்.

எதிரே குப்பத்துத் தலைவர், நாட்டார் தாமோதரன் பொறுமையாகச் சிரித்தார். "அங்க சமாதி எதுவும் இல்லேன்னு ஒரு கைநாட்டு, அவ்ளோதான். அப்பால எப்பவும்போல ஏரில எறங்கி எறா தடவிக்கினு பொழைச்சிக்க. இல்லேன்னா எறங்கறதே கஷ்டம், சின்னப்பா."

பழவேற்காடு ஏரிக்கரையில் அரை ஏக்கர் புறம்போக்கு அது. மீன் ஏலக் கொட்டகை கட்டக் குப்பம் அதற்குப் பட்டா கேட்கிறது. கையால் இறால் பிடிக்கும் இருபது குடும்பங்கள் அது தங்கள் இடுகாடு என்கின்றன. சமாதி இருக்கிறதா என்று பார்த்து அளந்துவரக் கோர்ட்டு சர்வேயரை அனுப்பியிருந்தது.

மேடு கட்டக் கூடாது, கல் நடக் கூடாது, புதைத்த கையோடு மணலைச் சமன்படுத்திவிட வேண்டும் என்பது இந்தக் குடும்பங்களுக்குக் குப்பம் போட்ட கட்டு. தொழிலுக்குப் போகிறவன் கண்ணில் இவர்கள் சமாதி பட்டால் வலை வெறுமையாக வருமாம். மூன்று தலைமுறையாகக் கல் நடவிடாதவர்கள்தான் இன்று "கல்லு எங்க?" என்று கேட்கிறார்கள்.

காசியம்மாளுக்கு அடையாளம் தேவையில்லை. கருவேல மரத்திலிருந்து பதினெட்டு அடி. மஞ்சள் காமாலையில் போன மகள் வினோதினி இரண்டு வருஷமாக அங்கேதான் கிடக்கிறாள். ஏரித் தண்ணீர் கரையில் தட்டும்போதெல்லாம் அவள் கூப்பிடுவதுபோல இருக்கும். இறால் போட வாயில் கவ்விய பறிக்கூடையை எடுத்துவிட்டு, "இன்னாடி?" என்பாள் காசியம்மாள்.

பத்து மணிக்குச் சர்வேயர் மாசிலாமணி வந்தார். ஊரே கூடியிருந்தது.

"மேடு இல்ல, கல்லு இல்ல. வெறும் மணலா இருக்கேம்மா?"

"அத்தத்தான் சார் நானும் சொல்றேன். ஒரு பொணமும் கெடையாது. கோர்ட்ல சத்தியம் பண்ணிக்கீறேன்" என்றார் தாமோதரன்.

"அப்ப இந்த டேப்பப் புடிச்சிக்கிட்டு நேரா அந்த முனைக்குப் போங்க."

தாமோதரன் டேப்பை வாங்கினார். மணலின் விளிம்பில் கால் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அவர் அந்த மணலை மிதித்தவரில்லை. குப்பத்தில் யாருமே மிதித்ததில்லை. மெல்லச் செருப்பைக் கழற்றினார். கழற்றியும் காலெடுத்து வைக்க முடியவில்லை. கரையோரச் சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார். டேப் வளைந்து தொங்கியது.

"நேரா போங்க சார்!"

"மணலு சுடுது சார்."

"அப்போ செருப்ப இன்னாத்துக்கு நாட்டாரே கழட்டினீங்க?" என்று கேட்டாள் காசியம்மாள்.

மாசிலாமணி எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் ஒருவனுடைய பயத்தை எழுத அந்தப் பாரத்தில் இடம் கிடையாது. 'சமாதி அடையாளம் ஏதுமில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

அதற்குள் சின்னப்பன் வீட்டுக்கு ஓடிப் போய் அம்மிக் குழவியைத் தோளில் தூக்கி வந்தான். யாரையும் பார்க்காமல் மணலில் இறங்கினான். கருவேல மரத்திலிருந்து பதினெட்டு அடி எண்ணி, மகளின் தலைமாட்டில் குழவியை நட்டான்.

"இப்ப எழுதிக்க சார்," என்றான். "இது எம் பொண்ணு வினோதினி."

"டேய், அத்தப் புடுங்கிப் போடுங்கடா!" தாமோதரன் கத்தினார்.

குப்பத்து ஆட்கள் நாற்பது பேர் விளிம்பில் நின்றிருந்தார்கள். ஒருவன்கூட மணலில் கால் வைக்கவில்லை.