ஒளித்துவைத்த எண்

“அக்கா, திறக்க வேண்டாம். என் கணிப்பை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றாள் கணக்குக்காரி, அறைக்குள் நுழைந்த வேகத்திலேயே.

குழுத் தலைவி காப்பியைக் கீழே வைத்தாள். “எத்தனை வருஷ உழைப்புடி! மத்தியானம் திறக்கப்போறோம். இப்ப என்ன பேய் புடிச்சுது உனக்கு?”

பேய் இல்லை, புருஷன்.

அண்டத்தை மேலும் மேலும் வேகமாக விரியவைக்கும் இருண்ட ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வெற்றிடம்கூட வெறுமை இல்லை, அதற்குள்ளும் ஓயாத சலசலப்பு உண்டு என்கிறது குவாண்டம் கொள்கை. அந்தச் சலசலப்பின் மிச்சம்தான் இருண்ட ஆற்றல், அது சிறிது சிறிதாக இளைத்துவருகிறது என்பது இந்தக் கணக்குக்காரியின் கணிப்பு. எத்தனையோ பேர் சிரித்தார்கள், இவள் விடவில்லை. அதைச் சோதிக்க வெடித்த விண்மீன்களின் தூரத்தை அளக்கும் வேலையும் முடிந்துவிட்டது.

ஆசை கண்ணை மறைக்கக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். அளவுகளோடு ஒருவர் ரகசிய எண் ஒன்றைக் கூட்டிவிடுவார். கடைசி நாளில் அதைக் கழித்தால்தான் உண்மை தெரியும்; அதைத்தான் ‘திறப்பது’ என்பார்கள். கழித்தபின் வந்தது எதுவானாலும் அப்படியே வெளியிட்டாக வேண்டும். அந்த எண்ணை வைத்திருப்பவனோ, கணினிப் பிரிவில் இருக்கும் இவள் கணவன்.

ஒரு மாதமாக இவள் வீட்டில் வரைபடத்தைத் திறந்தாலே அவன் எழுந்து போய்விடுகிறான். தட்டோடு பால்கனிக்கு ஓடுகிறான். முகமோ விளக்கெண்ணெய் குடித்த மாதிரி. கணிப்பு செத்துவிட்டது, சொல்ல முடியாமல் தவிக்கிறான் என்று இவளே முடிவு கட்டிவிட்டாள். பாவம், அழுது இவள் கண் வீங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மடிக்கணினியோடு அவன் வந்தான்.

“நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திரியும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு!” என்று வெடித்தாள்.

“அடிப்பாவி! எனக்கு எண் தெரியும். உன் வரைபடத்தையும் பார்த்துட்டா மனக்கணக்குலயே விடை வந்துடும். அப்புறம் என் மூஞ்சி சும்மா இருக்குமா? அதான் ஓடினேன்.”

“அப்ப உனக்கு…”

“சத்தியமா ஒண்ணும் தெரியாது!”

தலைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஆசைக்குப் பயந்து எண்ணை ஒளிச்சோம். பயமும் கண்ணை மறைக்கும்னு யாரும் யோசிக்கலையே!”

கணக்குக்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, திறங்க” என்றாள்.

மத்தியானம் கூட்ட அறையில் எல்லாரும் திரையைப் பார்த்து உட்கார, இவள் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கணவனைப் பார்த்து உட்கார்ந்தாள். அவன் எண்ணைக் கழித்தான். புருவம் சுருங்கியது. உதடு எதையோ முணுமுணுத்தது. அப்புறம் வாயெல்லாம் பல்.

“நிரூபணம்னு சொல்ல முடியாது, இன்னும் நிறைய வானம் பார்க்கணும்” என்றாள் தலைவி. “ஆனா புள்ளியெல்லாம் உன் கணிப்புக் கோட்டுப் பக்கம்தான்டி சாஞ்சிருக்கு. திரும்பிப் பாரு!”

“இருங்கக்கா. ஒரு மாசமா இந்த மூஞ்சியைத் தப்பாவே படிச்சிருக்கேன். இன்னைக்காவது ஒழுங்காப் படிச்சுக்கிறேன்.”