இருபதாம் நாள் எடை

பம்புசெட் சுவிட்சு செய்யும் அந்தத் திண்டுக்கல் கம்பெனியில் ரோசலினுக்குச் சோதனை அறையில் வேலை. சுவிட்சுக்குள் கம்பிகளைத் தாங்கும், கரண்டு கடத்தாத பேக்கலைட் தகட்டை உலர்த்தி எடை போடுவாள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து, மறுபடி எடை போடுவாள். ஏறிய எடைதான் தகடு குடித்த தண்ணீர். அது வரம்புக்குள் இருந்தால் கையெழுத்துப் போடுவாள்.

1964 ஆவணியில், மரத்தூள் கூடுதலாகச் சேர்த்த புதுத் தகடுகள் வந்தன. ஒரு நாள் சோதனையில் தேறின. கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு கேட்காமல் மூன்று தகடுகளைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தாள். பழைய தகடுகளில் எடை ஏறுவது ஒரு வாரத்தில் நின்றுவிடும். இவை இருபதாம் நாளும் எடை ஏறிக்கொண்டே இருந்தன. இப்படி ஊறினால் கரண்டு கசிந்து சுவிட்சின் இரும்புக் கைப்பிடிக்கு வந்துவிடும்.

மேலாளர் ராயப்பராஜிடம் எடை குறித்த நோட்டைக் காட்டினாள்.

“ஒரு நாள் சோதனைதானம்மா விதி? தேறிருச்சுல்ல?”

“கிணத்தடியில மாசக்கணக்கா ஈரத்துல கெடக்கும் சார். அனுப்புனதத் திருப்பி வாங்கிருவோம்.”

“வேலையப் பாரும்மா.”

அவள் வேலையைப் பார்த்தாள்.

ஐப்பசியில், மழை வலுக்கவும் மோட்டாரை நிறுத்தப் போன பெருமாயி என்ற பெண் கன்னிவாடிப் பக்கம் கரண்டு அடித்துச் செத்தாள். தங்கள் கம்பெனி சுவிட்சு என்று சேதி கேட்டு ரோசலின் பஸ் ஏறினாள். மோட்டார் ரூம் வாசலில் குந்தியிருந்த புருஷன் சின்னக்காளை செத்தவளையே நொந்துகொண்டிருந்தான்.

“ஈரக் கையோட தொட்டுட்டா. அம்புட்டுத் தடவ சொல்லியும் கேக்கலையே.”

பேசாமல் திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“அவுக மேல தப்பில்லண்ணே. இந்தச் சுவிட்சு செய்யிற கம்பெனியில சோதனை பாக்குறவ நான். உள்ள இருக்க தகடு தண்ணியக் குடிச்சிருச்சு. குடிக்கும்னு எனக்குத் தெரியும்.”

“எப்பருந்து?”

“ரெண்டு மாசமா.”

அவன் எழுந்தான். “போயிரு தாயி. என் கண்ணு முன்னால நிக்காத.”

மறுநாளே நோட்டைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தாள். கம்பெனி அவளை வெளியே அனுப்பியது. ஈரக் கைதான் காரணம் என்று விசாரணை முடிந்தது.

சுவிட்சு போன ஊர்களின் பெயர்கள் அவளுக்கு நினைவிருந்தன. கிணறு கிணறாக நடந்தாள். ஒன்பது பேர் கழற்றினார்கள். பத்தாவது கிணற்றில் அங்காளம்மாள் மடை மாற்றிக்கொண்டே கேட்டாள்:

“கதிரு பிடிக்கிற நேரம், தண்ணி நிக்கக் கூடாது. வேற சுவிட்சு நீ தருவியா?”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.