சொல்லிராதக்கா

"மருந்து இன்னும் மிச்சமிருக்குக்கா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முருகலட்சுமியின் கைகள் நிலோபரிடம் சொன்னபோது, டாக்டரின் அறைக்கு அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இடுப்புக்கு மேலே கை எழும்பாமல், முந்தானை மறைவில் பேசினாள். போன மாதம் குடித்துப் பிழைத்தாளே, பருத்திக்கு அடிக்கிற மருந்து, அதில் மீதி. மாட்டுக்கொட்டகை ஓட்டுக்கு அடியில் செருகியிருக்கிறாள். "வீட்டுக்குப் போயி பிள்ளைய ஒருதடவ தூக்கிட்டுக் குடிச்சிருவேன். உள்ள சொல்லிராதக்கா."

நிலோபர் பதிலுக்கு விரலைத் தூக்குவதற்குள் மாமியார்க்காரி கருத்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கிறா? எங்களத்தான் வையிறாளாக்கும்."

"பிள்ளையத் தூக்கணுங்கிறாங்க."

"நல்லாத் தூக்குவா. பிள்ள வீல்னு கத்துனாலும் திரும்பிப் பாக்காதவகிட்ட எதை நம்பிக் குடுக்க? நீயே சொல்லுத்தா."

நிலோபருக்கு அம்மா, அத்தா இரண்டு பேருக்குமே காது கேட்காது. தமிழ் வருவதற்கு முன்னால் அவளுக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது. அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் காது கேளாதவர்கள் ஸ்டேஷனுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவளுக்குத்தான் போன் வரும். அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கை சொன்னதை வாய் சொல்ல வேண்டும், வாய் சொன்னதைக் கை சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வெளியே கேட்டதை உள்ளே கொண்டுபோகவும் கூடாது. பரளச்சியில் வாக்கப்பட்ட வீட்டில் காது கேளாத முருகலட்சுமிக்காக ஒரு சைகைகூட எவரும் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் கை நிலோபருடையது. அதனால்தான் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

உள்ளே டாக்டர் கேட்டார். "மறுபடியும் சாகணும்னு தோணுதாம்மா?"

நிலோபரின் கைகள் கேட்டன. முருகலட்சுமி சிரித்தபடி பதில் சொன்னாள். அழகான சிரிப்பு.

"இல்ல. நான் நல்லா இருக்கேன்" என்றது நிலோபரின் வாய்.

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். புருஷன் இன்பராஜ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எழுந்தேவிட்டான்.

"டாக்டர், வெளியில என்கிட்ட வேற சொன்னாங்க."

நிலோபர் சொல்லி முடித்தாள். கொட்டகை, ஓடு, பாட்டில், எல்லாவற்றையும். வாய் பேசப் பேச, பழகிய கைகளும் கூடவே பேசின. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் முருகலட்சுமிக்குத் தெரியாமல் அவளைப் பற்றிப் பேசுகிற அந்த வீட்டாரில் தானும் ஒருத்தியாகிவிடுவாள். தன்னைக் காட்டிக்கொடுத்ததை முருகலட்சுமி ஒரு சைகை விடாமல் பார்த்தாள். அப்புறம் நாற்காலி விழப் பாய்ந்துவந்து நிலோபரின் மணிக்கட்டுகளைப் பிடித்து முறுக்கினாள். ஆட்கள் ஓடிவந்தார்கள். ஊசி போட்டார்கள்.

சாயங்காலம் வார்டுக்குப் போன நிலோபர் வாசலிலேயே நின்றுவிட்டாள். முருகலட்சுமியின் இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"அவுத்து விடுங்க சிஸ்டர்."

"முழிச்சதுலருந்து கையை வீசிக்கிட்டே இருந்தாங்கம்மா. ட்ரிப்ஸைப் பிச்சிருவாங்க."

"வீசல. பேசிருக்காங்க. வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இது."

நர்ஸ் ஜோதிகாவின் முகம் சுருங்கியது. "எனக்குத் தெரியாதேம்மா. இப்ப அவுத்து ஏதாச்சும் ஆயிட்டா என் வேல போயிரும். காலைல டாக்டர் வந்து சொல்லணும்."

கால்மாட்டில் குத்தவைத்திருந்த இன்பராஜ் தலையைத் தூக்கினான். கண் இரண்டும் சிவந்திருந்தன. "வீட்டுக்குப் போன் போட்டேன். பாட்டில் அங்கனதான் இருந்துச்சாம். நீங்க சொல்லலேன்னா இந்நேரம்..." துண்டால் முகத்தை அழுத்தினான். "கட்டியே கெடக்கட்டும்க்கா. கட்டிப்போட்டாத்தான் உசுரோட இருப்பா."

நிலோபர் கட்டிலைச் சுற்றிப் போய், முருகலட்சுமியின் பார்வை விழுகிற பக்கம் குனிந்தாள். காலையில் கட்டை அவிழ்க்கச் சொல்கிறேன், பிள்ளையை இங்கேயே கொண்டுவரச் சொல்கிறேன், நான் எங்கும் போகமாட்டேன் என்று கைகளால் சொல்லத் தொடங்கினாள்.

கட்டுக்குள் விரல்கள் லேசாக அசைந்தன. ஏதோ ஒரு சொல்லின் தொடக்கம். துணி அதற்குமேல் விடவில்லை. என்ன சொல்லென்று நிலோபருக்குப் பிடிபடவில்லை. இன்னும் கிட்டே குனிந்தாள்.

முருகலட்சுமி அவளுடைய கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நிலோபரின் கைகள் பாதிப் பேச்சில் அப்படியே காற்றில் நின்றன.