இன்னொரு கேள்வி, ஒஸ்வால்ட் அங்கிள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தாய் ஞானத்தகப்பன் ஆகப்போகிறவர்கள் மூன்று சனிக்கிழமை வகுப்புக்கு வரவேண்டும். வகுப்பு முடிந்ததும், அதை எடுக்கும் ஒஸ்வால்ட் அங்கிள் "கேள்வி இருக்கா?" என்பார். எல்லோரும் "இல்லை" என்பார்கள். பிறகு பட்டிஸும் பிளேன்டீயும் வரும்.

நான் முதல் சனிக்கிழமையே "இருக்கு" என்றேன்.

"அங்கிள், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வாற சனத்தில எத்தனை பேர் சைவம், பௌத்தம். அவைக்கு மோட்சம் இல்லையெண்டா, அந்தோனியார் ஏன் அவையின்ர தொலைஞ்ச திறப்பு, மோதிரமெல்லாம் தேடிக் குடுக்கிறார்?"

எல்லோரும் சிரித்தார்கள், அங்கிளைத் தவிர.

அடுத்த கிழமை, கடவுள் நல்லவரென்றால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் டெங்கு வருகிறது என்று கேட்டேன். பின்வரிசை வாங்கிலிலிருந்து ஒருவர், "தங்கச்சி, பட்டிஸ் ஆறுது" என்றார்.

அன்று ஒஸ்வால்ட் அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டார். "மகள், ஞானத்தாய் விசுவாசத்தில ஆடாமல் நிக்கவேணும். நீர் நிண்ட இடத்தில ஆடுறீர். இன்னொரு கேள்வி கேட்டீரெண்டா, ஃபாதரிட்டச் சொல்லி மெற்றில்டாவைப் போடுவன்."

நான் ஞானத்தாயாகப்போகும் குழந்தையின் தகப்பன் என் அத்தான் மெல்ரோய்; மெற்றில்டா அக்கா அவரின் தமக்கை. அவவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞானத்தாயாக அவவுக்கும் ஆசை, அதனால் வகுப்புக்கும் வந்துகொண்டிருந்தா. ஆனால் குழந்தையின் தாய், என் அக்கா ஷெரோமி, என்னைத்தான் கேட்டிருந்தாள். வயிற்றுக்குள் அவன் உதைத்த நாளிலிருந்து அவனைக் கையில் ஏந்திப் பீடத்தடிக்கு நடப்பதைக் கனவு கண்டுகொண்டிருந்தேன். இனி வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

கடைசிச் சனிக்கிழமை, வகுப்புக்கு முன்னால் மெற்றில்டா அக்கா என்னைப் படியடிக்கு இழுத்துக்கொண்டு போனா.

"ரொஷேல், இண்டைக்கு ஒரு கேள்வி கேக்கிறீரா?"

"நல்லா இருக்கு! நான் கேட்டா ஞானத்தாய் நீங்கதானே!"

அவ சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு பிள்ளை பிறந்தது. உமக்கு அப்ப நாலு வயசிருக்கும். விடியக்குள்ள மூச்சு இழுத்தது. ஃபாதர் வந்துசேர முடியேல்லை. எனக்குக் கை தூக்க ஏலாது. நாகேஸ்வரி எண்டு ஒரு நேர்ஸ், நெத்தி முழுக்கத் திருநீறு. நான் சொல்லச்சொல்ல அவதான் 'பிதா, சுதன்' சொல்லித் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தவ. அது செல்லுமா?"

"ஏன் அக்கா இவ்வளவு நாளாக் கேக்கேல்லை?"

"இல்லையெண்டு சொல்லிப்போட்டா, என்ர பிள்ளைக்கு மோட்சம் இல்லையெல்லே? பயத்தில, வெள்ளவத்தை மார்க்கெட்டில அவவைக் கண்டாலும் மீன்காரனுக்குப் பின்னால ஒளிக்கிறனான்."

வகுப்பு முழுவதும் அங்கிளின் குரல் எங்கோ கடலுக்கு அப்பால் கேட்டது. ஷெரோமியிடம் என்ன சொல்வேன்? அத்துடன் இன்னொரு பயம்: பதில் 'இல்லை' என்றால்?

முடிவில் கை தூக்கினேன்.

"மகள்!" என்றார் அங்கிள்.

"தெரியும் அங்கிள். பிள்ளை சாகக் கிடக்கு, ஃபாதர் இல்லை. ஒரு சைவ ஆள் ஞானஸ்நானம் குடுத்தா அது செல்லுமா?"

பதில் தெரிந்த கேள்வி வந்த மகிழ்ச்சியில் அங்கிளுக்குக் கோபமே மறந்துபோனது. "செல்லும்! அவசரத்துக்கு ஆரும் குடுக்கலாம். தண்ணியும் அந்த வார்த்தையும் நல்ல மனமும் போதும். திருச்சபை அதை ஏத்துக்கொள்ளுது."

மெற்றில்டா அக்கா வாங்கிலில் குனிந்து அழுதா. பிறகு லேஞ்சியால் மூக்கைச் சீறிக்கொண்டு எழும்பினா. "அங்கிள், அது என்ர கேள்வி. பயத்தில இவவைக் கேக்கவிட்டனான். ரொஷேலே ஞானத்தாயா இருக்கட்டும். எங்கட வீட்டில கேக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும்."

அங்கிள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப அங்கிள், பிள்ளையை மோட்சத்துக்குள்ள விட்ட அந்தச் சைவ நேர்ஸ் மட்டும் வெளியில நிக்கிறதா?"

அங்கிள் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார், மூடினார். "அது... அதை ஃபாதரிட்டயே நானும் ஒருக்காக் கேக்கவேணும்."

அதற்குள் மெற்றில்டா அக்கா வாசலில் நின்று, நேர்ஸின் நம்பருக்காக வெள்ளவத்தையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்துக்கொண்டிருந்தா. கடைசியில் அவ சத்தம் மண்டபமெங்கும் கேட்டது.

"நாகேஸ்வரி அக்காவா? ஞாயிற்றுக்கிழமை எங்கட தம்பியின்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம். கட்டாயம் வரவேணும்... சீச்சீ, அழிக்க வேண்டாம், திருநீறு பூசிக்கொண்டே வாங்கோ!"