ஏழாம் இடத்து மண்

ஆறரைக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். முட்டை வேக வைக்கிறேன். ஏழேகாலுக்கு மாமியார் போன் செய்வார். சாப்பிட்டேன் என்பேன். மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்பேன். பொய். எட்டரைக்கு ஆய்வகம்.

அங்கே எங்கள் தலைவருக்குச் சிவப்புப் பேனா என்று பெயர். வைத்தவள் என் மனைவி. அவளுக்கும் அங்கேதான் வேலை. ஏரியைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் தண்ணீர், அடிவண்டல், கரைமண் எடுத்து வந்தாள். மாலிப்டினம் என்ற உலோகம் எதில் எவ்வளவு தங்குகிறது என்று நான் அளந்தேன். அடுத்த ஏரிக்குப் போனவள் திரும்பும் வழியில் ஜீப் கவிழ்ந்தது. ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது.

முந்தாநாள்தான் அறிக்கைக்குக் கடைசி நாள். பதினோரு இடங்கள் சமர்த்து: தண்ணீரில் ஒரு பங்கென்றால் மண்ணிலும் வண்டலிலும் நூற்றுக்கணக்கில். ஏழாவது இடத்தில் மட்டும் மண் கையை விரித்துவிட்டது. பத்துப் பங்குகூட இல்லை. அந்த மண்ணின் பிஎச் 8.6 என்று அவள் நோட்டில் இருந்தது. மற்றதெல்லாம் ஐந்து சொச்சம், புளிப்பு மண்.

சிவப்புப் பேனா மென்மையாகத்தான் பேசினார். மண் எடுத்த அன்று அவளுக்கு உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கலாம், தப்பாகக் குறித்திருக்கலாம் என்றார்.

"அந்த வரியை எடுத்துடலாம் தம்பி. அவங்க பேருக்கும் அதான் நல்லது."

அவள் பெயரில் வரும் கடைசி அறிக்கை அது. மதியம் வரை நேரம் கேட்டேன்.

பல உலோகங்கள் மண் புளித்தால் கழன்று ஓடும். மாலிப்டினம் புளிப்பில் ஒட்டும். சுண்ணாம்பு பட்டால் உதறிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடும். ஊரே கிழக்கே போனால் இது மேற்கே போகும் என்பாள். உன்னை மாதிரி என்பேன். ஒரு குட்டு விழும்.

ஏழாம் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் மண் மிச்சமிருந்தது. தண்ணீரில் கலக்கினேன். பிஎச் மீட்டரை அவள் கிளம்பிப் போன நாளில் மூடி வைத்தது நான்தான். அதன்பின் யாரும் தொடவில்லை. அதன் கண்ணாடி முனை காய்ந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். மூடியைக் கழற்றினேன். உப்புக் கரைசலில் சுகமாக நனைந்திருந்தது. பிஎச் ஏழுள்ள கரைசலில் வைத்தேன். ஏழு. மண்ணில் வைத்தேன். 8.6.

ஏழாம் இடத்து நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன். ஆமாம், இரண்டு லாரி சுண்ணாம்பு கொட்டினேன், அது தப்பா என்றார். தப்பே இல்லை என்றேன்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனா இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க."

மறுநாள் ஏழேகாலுக்கு மாமியார் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். அடுத்த ஏரிக்குக் கிளம்பிய காலை தோளில் பையோடு ஆய்வக வாசலில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"டேய், மீட்டர் முனையக் காய விட்டுடாத. போன தடவை மாதிரி பண்ணின, கொன்னுடுவேன்."